லத்தீன் அடிப்படைச் சொற்கள்: தமிழ் தெரிந்தவர் எப்படிப் படிக்கலாம்?

கேள்வி இதுதான்: "லத்தீன் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பொருள் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒரு சின்ன வாக்கியத்தைப் பார்த்தால்கூடப் பொருள் பிடிபடவில்லை. தெரிந்த சொல்லே வேறு மாதிரி இருக்கிறது. அடிப்படைச் சொற்களை எப்படித்தான் படிப்பது?"

நீங்கள் எடுத்த பட்டியலில் பெரும்பாலும் தவறு இருக்காது. சொற்களைப் பதிந்துகொண்ட விதத்தில்தான் சிக்கல். இரண்டு மாற்றங்கள் செய்தால் போதும். முதலாவது, சொல்லை ஒற்றை வடிவமாகப் படிக்காமல், அகராதி தரும் முழு வடிவத்தோடு படியுங்கள். இரண்டாவது, பொருளைத் தமிழில் எழுதுங்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் பொருளும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் லத்தீன் வேற்றுமை உருபுகளை வைத்து இயங்கும் மொழி, வினை முடிவில் ஆளைக் காட்டும் மொழி, குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி. இந்த மூன்றும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இல்லை, தமிழில் மூன்றும் உண்டு. நடுவில் ஆங்கிலத்தை உட்கார வைத்தால், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறந்துவிட்டு மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். ரோமானியர் காலத்து உச்சரிப்பில் 'ஸி' எழுத்து எப்போதும் க ஒலிதான், 'வி' எழுத்து உதட்டைக் குவித்துச் சொல்லும் வ ஒலி, 'ஏ' (a) எழுத்தும் 'ஈ' (e) எழுத்தும் சேர்ந்து வந்தால் ஐ. அதனால் நாம் சிசரோ என்று அறிந்தவரின் பெயரை அவர் காலத்தவர் 'கிகெரோ' என்றுதான் சொல்லியிருப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் உச்சரிப்பு வேறு. 1960-கள் வரை தமிழ்நாட்டுக் கோயில்களிலும் திருப்பலி லத்தீனில்தான் நடந்தது. அதைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள், அமைதி என்ற பொருள் தரும் 'பாகெம்' என்ற சொல்லைப் 'பாச்செம்' என்றுதான் சொல்வார்கள். இரண்டும் சரியே, ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். இங்கே நான் பழைய உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

இந்த இடத்தில் தமிழ் எழுத்து நமக்குப் பெரிய வசதி. லத்தீனில் 'லிபெர்' என்றால் புத்தகம், 'லீபெர்' என்றால் சுதந்திரமானவன். 'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிள். 'ஒஸ்' எலும்பு, 'ஓஸ்' வாய். 'பொபுலுஸ்' மக்கள், 'போபுலுஸ்' நெட்டிலிங்கம் போல உயர்ந்து வளரும் பாப்லர் மரம். 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். 'ஸோல் ஒக்கிதித்' என்றால் சூரியன் மறைகிறது. அதே எழுத்துகளில் நடுவிலுள்ள இகரத்தை நீட்டி 'ஒக்கீதித்' என்றால் கொல்கிறான்! ரோமன் எழுத்தில் இவை ஒரே எழுத்துக்கூட்டு. பாடநூல்களில் நெடிலுக்கு மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள், பலர் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எ-ஏ, ஒ-ஓ உட்பட எல்லாக் குறில் நெடிலையும் தனித்தனி எழுத்தாகவே எழுதும் நமக்கு அந்தக் கோட்டின் மதிப்பு உடனே விளங்கும். இரட்டித்த மெய்யும் அப்படித்தான்: 'அன்னுஸ்' ஆண்டு, 'அனுஸ்' கிழவி. பின்னால் லத்தீன் கவிதை படிக்கப் போகும்போதும் இது கைகொடுக்கும். அங்கே யாப்பு குறில், நெடில், ஒற்று இவற்றின் அளவை வைத்தே நடக்கிறது. நேரசை நிரையசை பிரித்துப் பழகியவருக்கு அது அந்நியமாக இருக்காது.

தமிழ் எழுத்துக்கு ஒரு குறையும் உண்டு. வல்லினத்தில் ஒலிப்புள்ளது, ஒலிப்பில்லாதது என்ற வேறுபாட்டை அது காட்டாது. 'அத்' என்று நான் எழுதினால், 'நோக்கி' என்ற பொருளுள்ள சொல்லா, 'ஆனால்' என்ற பொருளுள்ள சொல்லா என்று தெரியாது. முன்னது ரோமன் d எழுத்தில் முடிகிறது, பின்னது t எழுத்தில். 'அகெர்' என்பதும் அப்படியே: ஒன்று வயல், ஒன்று மேப்பிள் மரம். அதனால் உங்கள் நோட்டில் சொல்லை ரோமன் எழுத்தில் நெடில் கோட்டோடு எழுதுங்கள், பக்கத்தில் ஒலியைத் தமிழில் எழுதுங்கள், பொருளையும் தமிழில் எழுதுங்கள்.

அடுத்தது வேற்றுமை. நீங்கள் 'புவெல்ல' என்றால் சிறுமி என்று படித்திருப்பீர்கள். வாக்கியத்தில் அது 'புவெல்லம்', 'புவெல்லை', 'புவெல்லா' என்றெல்லாம் வரும். 'தெரிந்த சொல்லே வேறு மாதிரி இருக்கிறது' என்று நீங்கள் சொன்னது இதைத்தான். தமிழில் சிறுமி, சிறுமியை, சிறுமிக்கு, சிறுமியுடைய, சிறுமியால் என்று வருவதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமே இல்லை. 'புவெல்ல புவெரோ ரொஸம் தத்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'சிறுமி பையனுக்கு ரோஜாவைக் கொடுக்கிறாள்.' சொல் வரிசைகூட அப்படியே நம் வரிசைதான்! சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது மாறாது, உருபு காப்பாற்றும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் முதலில் வருவதே எழுவாய் என்ற பழக்கத்தை விட முடியாமல் பல மாதங்கள் திணறுவார்கள். அந்தச் சிரமம் நமக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 'புவெல்லை' என்று காதில் விழுந்ததும் நமக்கு இரண்டாம் வேற்றுமை ஐ உருபு நினைவுக்கு வரும். லத்தீனில் அது 'சிறுமியுடைய' அல்லது 'சிறுமிக்கு'. 'சிறுமியை' என்பதற்கு மகர ஒற்றில் முடியும் 'புவெல்லம்' வேண்டும்.

பலரும் பயப்படுவது 'அப்லேட்டிவ்' என்ற ஆறாவது வேற்றுமைக்கு. ஆங்கில நூல்கள் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன. தமிழில் நாலு உருபை நினைவில் வைத்தால் போதும்: ஆல், ஓடு, இல், இலிருந்து. 'க்லதியோ' வாளால். 'கும் அமீகோ' நண்பனோடு. 'இன் ஸில்வா' காட்டில். 'எக்ஸ் உர்பெ' நகரத்திலிருந்து. இதில் 'இன்' என்ற முன்னிடைச்சொல்லை மட்டும் கவனியுங்கள். 'இன் ஸில்வா' என்றால் காட்டில் இருப்பது; 'இன் ஸில்வம்' என்றால் காட்டுக்குள் போவது. இடைச்சொல் ஒன்றுதான், அதற்கடுத்த பெயரின் வேற்றுமை மாறியதும் பொருள் மாறுகிறது. எனவே 'இன்' என்ற சொல்லை 'இல் / உள்ளே' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள், இரண்டு வரியாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வைத்து எழுதுங்கள்.

தமிழ் வேற்றுமைகளை லத்தீன் வழியாக விளக்கும் வேலை முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத்தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனில் பெயர்த்தும் இருக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தமக்குத் தெரிந்த லத்தீனைக் கொண்டு தமிழைப் பிடித்தார்கள். நாம் அதே பாதையில் எதிர்த்திசையில் போகிறோம், அவ்வளவுதான்.

வினைக்கு வருவோம். நேசி என்ற வினை: 'அமோ' நேசிக்கிறேன், 'அமாஸ்' நேசிக்கிறாய், 'அமத்' நேசிக்கிறான், 'அமாமுஸ்' நேசிக்கிறோம், 'அமாதிஸ்' நேசிக்கிறீர்கள், 'அமந்த்' நேசிக்கிறார்கள். ஏன், ஆய், ஆன், ஓம், ஈர்கள், ஆர்கள் என்று நம் விகுதிகள் செய்யும் அதே வேலை. அதனால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அழுத்தம். தமிழிலும் அப்படித்தானே. ஆனால் படர்க்கை ஒருமையில் லத்தீன் நம்மைவிடக் கஞ்சத்தனமானது. 'அமத்' ஆணா பெண்ணா என்று சொல்லாது, சூழலைப் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது சின்னச் சொற்கள். என் கருத்தில் தொடக்கநிலையில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இவற்றுக்குத்தான். மரம், நதி, அரசன் போன்ற பெயர்களை மனம் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தைப் புரியாமல் செய்வது 'தமென்', 'எனிம்', 'அவ்தெம்', 'க்வொக்வெ' வகையறாதான். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பொருள் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரித் தோன்றும். தமிழில் எழுதிப் பாருங்கள்.

'க்வெ' என்பது தனியாக நிற்காது, சொல்லின் வாலில் ஒட்டும். 'ஸெனாதுஸ் பொபுலுஸ்க்வெ' என்றால் 'செனட்டும் மக்களும்'. ரோமானியக் கல்வெட்டுகளில் எஸ்.பி.க்யூ.ஆர். என்று நான்கெழுத்துச் சுருக்கமாகப் பார்க்கிறோமே, அதில் வரும் க்யூ இந்த 'க்வெ'தான். நம் 'உம்'முக்கு நேர். நாம் இரண்டு சொல்லிலும் ஒட்டுவோம், அவர்கள் பெரும்பாலும் பின்னதில் மட்டும் ஒட்டுவார்கள். அடுத்தது 'நெ'. 'வெனித்' வருகிறான், 'வெனித்னெ?' வருகிறானா? நம் வினா ஆகாரம் அப்படியே. 'தூ' என்றால் நீ, 'தூனெ?' என்றால் நீயா? எந்தச் சொல்லைக் கேட்கிறோமோ அதில் ஒட்டுகிறது, நம்மைப் போலவே.

'க்வொக்வெ' என்றால் 'கூட': 'எகொ க்வொக்வெ', நான் கூட. 'க்விதெம்' பல இடங்களில் நம் 'தான்' செய்யும் வேலையைச் செய்யும். இரண்டுமே தாம் அழுத்தும் சொல்லுக்குப் பின்னால் வரும், அதுவும் நம் பழக்கமே. 'தமென்' என்றால் 'ஆனாலும்', 'இருந்தாலும்'. 'எனிம்' என்றால் 'ஏனென்றால்', ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்தில் வராமல் பெரும்பாலும் இரண்டாம் சொல்லாக வரும். 'அவ்தெம்' என்பதும் இரண்டாம் இடத்தில் வரும். அதற்கு 'ஆனால்' என்று எழுதுவதைவிட ஓகாரம் போட்டுப் பாருங்கள். 'அவனோ', 'அரசனோ' என்று பேச்சை வேறு ஆளிடம் திருப்புகிறோமே, பல இடங்களில் அந்த ஓகாரம் 'அவ்தெ'முக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

'க்வி' என்று தொடங்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாமல் ஒரே நாளில் வரிசையாக எழுதிவிடுங்கள். 'க்வீதம்' யாரோ ஒருவன். 'க்விஸ்க்வெ' ஒவ்வொருவனும். 'க்விஸ்க்வம்' யாரும், எதிர்மறை வாக்கியத்தில் வருவது. 'கும்' என்ற சொல்லுக்கும் இரண்டு வரி வேண்டும்: பெயருக்கு முன்னால் வந்தால் 'ஓடு', வினையுள்ள துணைவாக்கியத்தைத் தொடங்கினால் 'போது' அல்லது 'ஆகையால்'. இவற்றோடு 'எத்' (உம், மேலும்), 'நோன்' (இல்லை, அல்ல), 'ஸெத்' (ஆனால்), 'ஸீ' (ஆல் என்னும் நிபந்தனை), 'யம்' (ஏற்கெனவே, இப்போதே), 'நுங்க்' (இப்போது), 'தும்' (அப்போது), 'எதியம்' (மேலும், கூட) சேர்த்துக்கொண்டால் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

பொருள் விஷயத்தில் ஆங்கிலம் எங்கே ஏமாற்றும் என்று சொல்கிறேன். லத்தீனிலிருந்து போன சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம், ஆனால் போன இடத்தில் பொருள் மாறியிருக்கும். 'ஃபமிலிய' என்றதும் குடும்பம் என்று எழுதத் தோன்றும். ரோமானிய 'ஃபமிலிய'வில் வீட்டு அடிமைகளும் அடக்கம். பல இடங்களில் அது அடிமைகளை மட்டுமே குறிக்கும். பணியாள் என்னும் 'ஃபமுலுஸ்' என்ற சொல்லோடு உறவுடையது அது. 'வீட்டார், வீட்டு ஆட்கள்' என்று எழுதினால் நெருங்கிவிடலாம். 'விர்தூஸ்' ஒழுக்கத்துக்கு முன்பு ஆண்மை, வீரம்; ஏனென்றால் அது 'விர்', அதாவது ஆண்மகன், என்பதிலிருந்து பிறந்தது. மனிதன் என்று பொதுவாகச் சொல்ல 'ஹொமோ' என்று வேறு சொல் இருக்கிறது. 'ஏக்ரெகியுஸ்' என்றால் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிகிற, சிறந்த. மந்தை என்னும் 'க்ரெக்ஸ்' அதனுள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே சொல் இன்று படுமோசமான தவற்றுக்குத்தான் பயன்படுகிறது.

பகைவனுக்கு இரண்டு சொற்கள்: நாட்டின் பகைவன் 'ஹொஸ்திஸ்', சொந்தப் பகையாளி 'இனிமீகுஸ்'. 'ஹொஸ்பெஸ்' விருந்தினனுக்கும் பெயர், விருந்தளிப்பவனுக்கும் பெயர். 'அல்துஸ்' மரத்தைச் சொன்னால் உயர்ந்த, கடலைச் சொன்னால் ஆழமான. இப்படிப்பட்ட சொல்லுக்கு இரண்டு பொருளை மனப்பாடம் செய்வதைவிட நடுவில் இருக்கும் ஒரு கருத்தைப் பிடிப்பது நல்லது: செங்குத்தாக நீண்ட தொலைவு. 'பெதோ' என்ற வினைக்கு அகராதி தேடு, கேள், தாக்கு, புறப்பட்டுப் போ என்று அடுக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் 'ஒன்றை நோக்கிப் போதல்' இருக்கிறது. அதை எழுதிக்கொண்டால் மற்றவை வாக்கியத்தைப் பார்த்ததும் தாமாகவே விளங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி உறவுப் பெயர்கள். 'பதெர்' அப்பா, 'மாதெர்' அம்மா, 'ஃப்ராதெர்' சகோதரன், 'ஸொரொர்' சகோதரி, 'ஃபீலியுஸ்' மகன், 'ஃபீலிய' மகள். இது வரை சாதாரணம். அப்புறம் வருகிறது பாருங்கள்: அப்பாவின் சகோதரன் 'பத்ருஉஸ்', அம்மாவின் சகோதரன் 'அவுங்குலுஸ்'; அப்பாவின் சகோதரி 'அமித', அம்மாவின் சகோதரி 'மாதெர்தெர'. ஆங்கிலத்தில் இந்த நாலும் இரண்டே சொல்லாகச் சுருங்கிவிட்டன. தமிழில் பெரியப்பா-சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா-சித்தி என்று எழுதினால் ஒரு கணம்கூட யோசிக்க வேண்டாம். ஆங்கிலத்தின் 'அங்கிள்' என்ற சொல் இந்த 'அவுங்குலுஸ்' என்பதிலிருந்து வந்ததுதான், அதாவது மூலத்தில் அது தாய்மாமன். 'ஆன்ட்' என்பது 'அமித'விலிருந்து வந்தது, மூலத்தில் அத்தை. ஆனால் அண்ணன்-தம்பி, அக்கா-தங்கை வேறுபாட்டை லத்தீன் தனிச்சொல்லால் காட்டாது. தேவைப்பட்டால் பெரிய, சிறிய என்று அடை சேர்க்கும்.

சரி, முழு வடிவம் என்றால் என்ன? பெயருக்கு மூன்று விஷயம்: எழுவாய் வடிவம், 'உடைய' என்ற பொருள் தரும் வேற்றுமை வடிவம், பால். 'ரேக்ஸ்' அரசன் என்று மட்டும் படித்தவருக்கு 'ரேகெம்' புரியாது. 'ரேக்ஸ், ரேகிஸ், ஆண்பால்' என்று படித்தவருக்குப் புரியும். 'தெம்புஸ், தெம்பொரிஸ்' காலம். 'கொர்புஸ், கொர்பொரிஸ்' உடல். 'நோமென், நோமினிஸ்' பெயர். 'கபுத், கபிதிஸ்' தலை. 'பேஸ், பெதிஸ்' பாதம். 'மீலெஸ், மீலிதிஸ்' படைவீரன். 'இதெர், இதினெரிஸ்' பயணம். உண்மையான அடிச்சொல் இரண்டாவது வடிவத்தில்தான் இருக்கிறது. தமிழிலும் மரம் என்பது மரத்தை, மரத்துக்கு என்று வரும்போது 'மரத்து' என்ற வேறு அடியை எடுக்கிறதே, அதே கதை. இந்த ஓர் இடத்தில் ஆங்கிலம் உண்மையாகவே உதவும். ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்திலிருந்து பிறந்தவை: 'டெம்பரரி'யில் 'தெம்பொரிஸ்', 'மிலிட்டரி'யில் 'மீலிதிஸ்', 'பெடல்' என்பதில் 'பெதிஸ்', 'கேபிட்டல்' என்பதில் 'கபிதிஸ்'. சைக்கிள் பெடலை நினைத்தால் 'பெதிஸ்' வந்துவிடும்.

பால் விஷயத்தில் தமிழ் நமக்கு உதவாது, உண்மையில் குறுக்கே நிற்கும். நமக்கு உயர்திணை, அஃறிணை பொருளைப் பார்த்துத் தீர்மானமாகிறது. லத்தீனில் மேசை ('மேன்ஸ') பெண்பால், புத்தகம் ஆண்பால், கை ('மனுஸ்') பெண்பால், மரம் ('அர்பொர்') பெண்பால், ஆறு ('ஃப்லூமென்') ஆண்பாலும் இல்லை பெண்பாலும் இல்லை, இரண்டிலும் சேராத ஒரு மூன்றாம் பால். 'நௌத' மாலுமி, 'அக்ரிகொல' உழவன், இரண்டும் பெண்பால் பெயர் போல முடிந்தாலும் ஆண்பால். போதாக்குறைக்குப் பெயரடையும் பாலுக்கேற்ப மாறும். நாம் நல்ல பையன், நல்ல பெண், நல்ல பெயர் என்று ஒரே 'நல்ல'வை வைத்து ஓட்டிவிடுவோம். அங்கே 'பொனுஸ் புவெர்', 'பொன புவெல்ல', 'பொனும் நோமென்'. இதற்கு ஒரே வழி, பெயரைத் தனியாக எழுதாமல் 'பொனுஸ்' சேர்த்து எழுதுவது. 'மனுஸ் பொன' என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிட்டால் பால் மறக்காது.

தமிழ் உதவாத இன்னோர் இடம், 'க்வீ, க்வை, க்வொத்' என்ற இணைப்புப் பெயர். 'நான் பார்த்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தில் முடித்துவிடுவதை, அவர்கள் 'பையன், எவனை நான் பார்த்தேனோ' என்று நீட்டுவார்கள். அந்த 'எவனை...ஓ' என்ற பழைய நடையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். செயற்கையாகத்தான் இருக்கும், ஆனால் எந்த உருபு எதற்கு என்பது தெளிவாகிவிடும்.

வினைக்கு நாலு வடிவம். 'அமோ, அமாரெ, அமாவீ, அமாதும்' போல ஒழுங்கானவை தொல்லை தராது. 'மித்தோ, மித்தெரெ, மீஸீ, மிஸ்ஸும்' அனுப்பு. 'விதெயோ, விதேரெ, வீதீ, வீஸும்' பார். 'ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாதும்' சும, கொண்டு வா. கடைசியில் உள்ளதைப் பார்த்தால் மூன்று வெவ்வேறு வினைகள் போல இருக்கும். உரையில் 'துலித்' என்று வந்தால், 'ஃபெரோ'வை மட்டும் படித்தவர் அகராதியில் எங்கே தேடுவது என்றே தெரியாமல் நிற்பார். நாலையும் மெட்டுப் போட்டது போலச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள், பிரித்துப் படிக்காதீர்கள்.

வினைகளில் உழைப்பைக் குறைக்கும் ஒரு வழி உண்டு. முன்னொட்டுகள் பத்துப் பதினைந்தைக் கற்றுக்கொண்டு, ஒட்டும்போது நடு உயிர் எப்படிச் சுருங்குகிறது என்று கவனியுங்கள். 'ஃபகியோ' செய் என்ற வினையில் முன்னொட்டு சேர்ந்ததும் அகரம் இகரமாகிவிடும்: 'கோன்ஃபிகியோ' செய்து முடி, 'பெர்ஃபிகியோ' முழுமையாகச் செய், 'ரெஃபிகியோ' திரும்பச் செய், அதாவது பழுது பார், 'தேஃபிகியோ' குறைந்து போ, கைவிடு, 'இந்தெர்ஃபிகியோ' கொல். இதே அடியில் பிறந்தது 'ஃபகிலிஸ்', செய்யத்தக்க, அதாவது எளிய. அதற்கு எதிர்ச்சொல் 'திஃப்ஃபிகிலிஸ்'. 'கபியோ' பிடி, எடு: 'அக்கிபியோ' பெற்றுக்கொள், 'ரெகிபியோ' திரும்பப் பெறு, 'இன்கிபியோ' தொடங்கு. இந்த உயிர்மாற்றத்தை ஒரு முறை கண்டுகொண்டால் புதுச் சொல் பாதி பழைய சொல்லாகவே வரும்.

எண்களுக்கு அதிக நேரம் வேண்டாம்: ஊனுஸ், துவொ, த்ரேஸ், க்வத்துவொர், க்வீன்க்வெ, ஸெக்ஸ், ஸெப்தெம், ஒக்தோ, நொவெம், தெகெம். ரோமானிய ஆண்டு ஒரு காலத்தில் மார்ச்சில் தொடங்கியதால் செப்டம்பர் ஏழாவது மாதம், டிசம்பர் பத்தாவது மாதம், பெயரிலேயே எண் இருக்கிறது. பத்தொன்பது வேடிக்கையானது: 'ஊந்தேவீகிந்தீ', இருபதுக்கு ஒன்று குறைவு.

வீட்டுப் பொருள்களின் பெயர்களுக்கு இன்னொரு குறுக்குவழி நம் வீட்டிலேயே இருக்கிறது. போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த பல சொற்களின் வேர் லத்தீன். மேசைக்கு வேர் 'மேன்ஸ'. சாவிக்கு 'க்லாவிஸ்'. அலமாரிக்கு 'அர்மாரியும்', முதலில் ஆயுதமும் கருவியும் வைக்கும் பெட்டி. பேனாவுக்கு 'பென்ன', இறகு. ஜன்னலுக்கு 'யானுவ', ஆனால் லத்தீனில் அது கதவு. பாதிரிக்கு 'பதெர்'.

எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று ஓர் உண்மையான வரியில் காட்டுகிறேன். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, தன் இயற்கை வரலாற்றின் ஆறாம் புத்தகத்தில் செங்கடல் பக்கமிருந்து இந்தியாவுக்கு வரும் கடல்வழியைச் சொல்கிறார். அதில் வருவது: 'நாவிகந்த் தியேபுஸ் க்வத்ராகிந்தா அத் ப்ரீமும் எம்பொரியும் இந்தியை மூஸிரிம்.'

'நாவிகந்த்': 'அந்த்' விகுதி, ஆகவே 'ஆர்கள்'. கப்பலில் போகிறார்கள். யார் என்று தனியாகச் சொல்லவில்லை. 'தியேபுஸ்': நாள் என்னும் 'தியேஸ்', பன்மையில், நாம் பார்த்த ஆறாவது வேற்றுமையில்: நாட்களில். 'க்வத்ராகிந்தா': நாற்பது, உருபு ஏற்காது. 'அத்': நோக்கி, வரை, இதற்கு அடுத்த பெயர் 'ஐ' வேற்றுமையில் வரும். அதன்படியே 'ப்ரீமும் எம்பொரியும்', முதல் சந்தையை. 'ப்ரீமும்' தன் பெயரோடு பாலிலும் வேற்றுமையிலும் ஒத்துப்போகிறது. 'இந்தியை': ஐயில் முடிகிறது, ஆனால் 'இந்தியாவுடைய'. முன்னே எச்சரித்தது இதைத்தான். 'மூஸிரிம்': மூஸிரிஸ் என்ற பெயர், 'எம்பொரியும்' இருக்கும் அதே வேற்றுமையில். நாற்பது நாளில் இந்தியாவின் முதல் சந்தையான முசிறிக்குக் கப்பலில் வந்து சேர்கிறார்கள். அகநானூற்றில் யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் என்று பாடப்படும் அதே சேரர் முசிறிதான். வழியில் கடற்கொள்ளையர் இருப்பதால் அங்கே போவது உசிதமில்லை என்று பிளினி அடுத்தாற்போலச் சொல்கிறார். பன்னிரண்டாம் புத்தகத்தில் மிளகு விலையும் தருகிறார்: ஒரு 'லீப்ர' எடைக்குத் திப்பிலி 15 தெனாரியுஸ், வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. மிளகுக்கு அவர் சொல் 'பிபெர், பிபெரிஸ்'. தொடக்கநிலையில் இப்படி நமக்கு அக்கறையுள்ள வரிகளைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் முழு வடிவம் எழுதிப் படியுங்கள். அந்தச் சொற்கள் பிறகு மறக்காது.

எத்தனை சொல் வேண்டும் என்றால், முதல் இலக்கு ஆயிரம். அமெரிக்காவின் டிக்கின்ஸன் கல்லூரி அடிக்கடி வரும் ஆயிரம் சொற்களை முழு வடிவத்தோடு தொகுத்து இலவசமாக வைத்திருக்கிறது. சராசரி உரையில் சுமார் 70 விழுக்காடு அதற்குள் அடங்கும். உங்களிடம் உள்ள பழைய பட்டியலைத் தூக்கிப்போட வேண்டாம். அதிலுள்ள சொற்களை இந்தத் தொகுப்பில் பார்த்து, விடுபட்ட வடிவங்களைச் சேர்த்து, ஆங்கிலப் பொருளுக்குப் பக்கத்தில் தமிழை எழுதுங்கள். நாளுக்கு எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம், அதில் பாதி சின்னச் சொற்களாக இருக்கட்டும்.

அகராதிக்கு 1879-இல் வந்த லூயிஸ்-ஷார்ட் இன்றும் போதும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். பெரிய பதிவுகளைப் பார்த்து மலைக்காதீர்கள். 'ரதியோ' என்ற ஒரு சொல்லுக்கே கணக்கு, காரணம், முறை, திட்டம், பகுத்தறிவு என்று பத்திக் கணக்கில் போகும். முதலில் இருக்கும் 'கணக்கு' என்பதை மட்டும் எழுதிக்கொண்டு கீழே நாலு வரி இடம் விடுங்கள். மற்றப் பொருள்களை, நீங்கள் படிக்கும் வரியில் அவை வரும்போது, அந்த வரியோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.